கனத்த ஃபைலில் தரம் இல்லை

அனிமேஷன் வேலைக்கு வரும் இளைஞர்களிடம் "டெக்ஸ்ச்சரை எந்த ஃபார்மட்டில் சேமிப்பாய்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "இஎக்ஸ்ஆர் சார், 32 பிட்." ஏன் என்று கேட்டால், "அதுலதான் குவாலிட்டி அதிகம்." யார் சொன்னது என்றால், கற்றுக்கொடுத்தவர் சொன்னார், அவருக்கு அவருடைய சீனியர் சொன்னார். இந்த நம்பிக்கைக்கு இன்னொரு முகமும் உண்டு. சீன் பெரிதாகி ரெண்டர் திணறத் தொடங்கியதும், "டெக்ஸ்ச்சர் எல்லாத்தையும் ஜேபெக் ஆக்கு, லேசாயிடும்" என்று உத்தரவு வரும். ராத்திரியோடு ராத்திரியாக யாராவது உட்கார்ந்து நூற்றுக்கணக்கான படங்களை மாற்றுவார்கள். மறுநாளும் ரெண்டர் அதே இடத்தில்தான் திணறும்.

இரண்டு அறிவுரையும் தவறு. டிஸ்கில் ஃபைலின் எடை எவ்வளவோ அதுவே படத்தின் தரம், அதுவே ரெண்டரின் சுமை என்ற ஒரே எண்ணத்திலிருந்துதான் இரண்டும் பிறக்கின்றன. ஒரு டெக்ஸ்ச்சருக்கு ஃபார்மட்டைத் தீர்மானிக்க வேண்டியது அந்தப் படத்துக்குள் இருக்கும் எண்கள் என்ன வகை, ரெண்டரர் அவற்றை எப்படி வாசிக்கப்போகிறது என்ற இரண்டு கேள்விகள். ஃபைலின் எடைக்கு அங்கே வேலையே இல்லை.

முதலில் ஜேபெக் விஷயத்தை முடித்துவிடுவோம். 4096-க்கு 4096 பிக்சல் உள்ள ஒரு வண்ணப் படம் ஜேபெக்கில் சில எம்பி இருக்கும். பிஎன்ஜியில் அதைவிடப் பல மடங்கு இருக்கும். ஆனால் ரெண்டரர் ஃபைலைத் திறந்ததும் சுருக்கத்தை அவிழ்த்துவிடுகிறது. பிக்சலுக்கு மூன்று சானல், சானலுக்கு ஒரு பைட் என்றால் ராமில் இரண்டும் 48 எம்பிதான். ப்ளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரரோ மூன்று சானல் படத்தையும் நான்கு சானலாகவே வைத்துக்கொள்ளும். அங்கே 64 எம்பி. ஜேபெக் ஆக்கியதால் டிஸ்கிலும் நெட்வொர்க்கிலும் இடம் மிச்சமாகியிருக்கும், அது உண்மை. ராமில் ஒரு பைட்கூட மிச்சமில்லை.

ராமை மிச்சப்படுத்த நினைத்தவர்கள் கவனித்திருக்க வேண்டியது வேறு. ரஃப்னஸ் மேப்புக்குத் தேவை ஒரே ஒரு சானல். அதை ஆர்ஜிபி படமாகச் சேமித்தால் ஒரே எண்ணை மூன்று முறை எழுதுகிறோம். சைக்கிள்ஸில் 16 எம்பியில் முடிய வேண்டியது 64 எம்பி ஆகிறது. கருப்பு வெள்ளை மேப்புகளை ஒற்றைச் சானலில் சேமித்தாலே ராம் சுமையில் பெரும்பகுதி குறையும் சீன்கள் நிறைய உண்டு. ஃபார்மட்டை மாற்றவே வேண்டாம்.

இப்போது 32 பிட்டுக்கு வருவோம். புகைப்படத்திலிருந்து எடுத்த ஒரு சுவர் டெக்ஸ்ச்சர் 8 பிட் ஜேபெக்காகக் கைக்கு வருகிறது. அதில் சானலுக்கு 256 படிநிலைகள். அதைத் திறந்து 32 பிட் இஎக்ஸ்ஆராகச் சேமித்தால் 256 படிநிலைகள் 256 ஆகவே இருக்கும். ஒரு படி அரிசியை அண்டாவில் கொட்டினாலும் அது ஒரு படிதான். ஜேபெக் சுருக்கத்தில் தொலைந்த விவரமும் திரும்பாது. ஜேபெக் படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு அதிகம் தெரியாத நுட்பங்களைக் கழித்துவிடுகிறது. பெரும்பாலும் நிறத் தகவலைப் பாதி அளவுக்குக் குறைத்தும் வைக்கிறது. அந்தக் கட்டங்களின் தடமும் இஎக்ஸ்ஆருக்குள் பத்திரமாக வந்து சேரும். கூடுவது சுமை மட்டுமே: சானலுக்கு ஒரு பைட் இருந்த இடத்தில் நான்கு பைட்.

இது எங்கே போய் முடிகிறது என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு கதாபாத்திரத்தின் பரப்பை 20 யூடிம் டைல்களாகப் பிரித்திருக்கிறோம், டைலுக்கு ஐந்து மேப், எல்லாம் 4கே என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 100 படங்கள். நான்கு சானலில் 8 பிட் என்றால் 6 ஜிபியைச் சற்றே தாண்டும். அதையே 32 பிட் ஆக்கினால் 25 ஜிபி. 24 ஜிபி நினைவகம் உள்ள விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டிலும் ஒரே ஒரு கதாபாத்திரத்தின் டெக்ஸ்ச்சர் அடங்காது. இன்னும் அவருக்குத் தலைமுடி வைக்கவில்லை, நிற்பதற்குத் தெரு கட்டவில்லை. பிறகு "கார்டு பத்தலை" என்று முதலாளியிடம் போய் நிற்கிறார்கள். இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. சின்ன ஸ்டுடியோக்கள் கடன் வாங்கி மெஷின் வாங்குகின்றன; அந்தப் பணம் காலியான பிட்டுகளைச் சுமப்பதில் போகிறது.

"ஆனால் சார், நானே மாத்திப் பார்த்தேன். பிஎன்ஜியில் மோசமா இருந்த மெட்டீரியல் இஎக்ஸ்ஆர் ஆக்கினதும் சரியாயிடுச்சு" என்று சொல்பவர்கள் பலர். அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். இந்த நம்பிக்கை இவ்வளவு நாள் உயிரோடு இருப்பதற்கே அந்த அனுபவம்தான் காரணம் என்பதால், அங்கே என்ன நடந்தது என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

எஸ்ஆர்ஜிபி என்ற வண்ண முறையை எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் 1996-இல் முன்வைத்தன. மானிட்டரில் காட்டுவதற்கான முறை அது. இருட்டான பகுதிகளில் நம் கண் நுணுக்கமான வேறுபாட்டையும் கண்டுபிடிக்கும் என்பதால், இருக்கும் 256 படிநிலைகளில் அதிகப் பங்கை இருட்டுக்கு ஒதுக்கி எண்களை வளைத்து வைக்கிறது. ரெண்டரர் கணக்குப் போடுவதோ நேர்கோட்டு எண்களில். அதாவது ஒளி இரண்டு மடங்கானால் எண்ணும் இரண்டு மடங்காக வேண்டும். ஆகவே நிற மேப்பை வாசிக்கும்போது அந்த வளைவை நிமிர்த்தியாக வேண்டும். எஸ்ஆர்ஜிபியில் 0.5 என்று இருப்பது நேர்கோட்டில் ஏறக்குறைய 0.214.

ரஃப்னஸ் மேப்பில் இருப்பது நிறம் கிடையாது. பரப்பு எவ்வளவு சொரசொரப்பு என்று சொல்லும் வெறும் எண். அங்கே 0.5 என்றால் 0.5 என்றே ஷேடருக்குப் போக வேண்டும். அதை நிறம் என்று எண்ணி நிமிர்த்தினால் ஷேடருக்கு 0.214 போய்ச் சேரும். சிமென்ட் தரை ஈரத்தரை போல மின்னும், மனிதத் தோல் எண்ணெய் தடவியதுபோல் ஆகும். நார்மல் மேப்பிலும் இதே கதை: திசையைச் சொல்லும் எண்கள் வளைந்துபோய், சமதளம்கூட ஒரு பக்கம் சாய்ந்ததாக ஒளி வாங்கும்.

பல மென்பொருள்கள் இந்த முடிவை ஃபைலைப் பார்த்துத் தாங்களே ஊகித்துக்கொள்கின்றன. 8 பிட் பிஎன்ஜியோ ஜேபெக்கோ வந்தால் எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டு நிமிர்த்தும். ஃப்ளோட் இஎக்ஸ்ஆர் வந்தால் நேர்கோட்டு எண் என்று எடுத்துக்கொண்டு அப்படியே விட்டுவிடும். ஒருவர் ரஃப்னஸ் மேப்பை பிஎன்ஜியாக இணைக்கிறார், மென்பொருள் தவறாக நிமிர்த்துகிறது, மெட்டீரியல் கெடுகிறது. அதையே இஎக்ஸ்ஆராக இணைக்கிறார், நிமிர்த்தல் நடக்கவில்லை, மெட்டீரியல் சரியாகிறது. உடனே 32 பிட்டுக்கு மாலை விழுகிறது. அவர் பிஎன்ஜியை வைத்துக்கொண்டே கலர் ஸ்பேஸை "நான்-கலர்" என்றோ "ரா" என்றோ மாற்றியிருந்தால் அதே விளைவு கால்பங்கு நினைவகத்தில் கிடைத்திருக்கும்.

இதன் எதிர்த்திசையிலும் கெடுதல் நடக்கிறது. நிற மேப்பை வளைவை நிமிர்த்தாமலே இஎக்ஸ்ஆருக்குள் வைத்துவிட்டால், மென்பொருள் அதை நேர்கோட்டு எண் என்று நம்பி வாசிக்கும். நிறங்கள் வெளிறிப் பால் ஊற்றியதுபோல் ஆகும். அதைச் சரிசெய்ய லைட்டிங் செய்பவர் விளக்கைக் குறைப்பார், கம்போசிட்டிங் செய்பவர் கான்ட்ராஸ்ட்டை ஏற்றுவார். ஒரு மெனுவில் ஒரு வரியை மாற்றாததற்காக இரண்டு துறைகள் ஷாட்டுக்கு ஷாட் உழைக்கும். நான் பார்த்த டெக்ஸ்ச்சர் கோளாறுகளில் பிட் குறைவால் வந்தவை கொஞ்சம். கலர் ஸ்பேஸ் தவறால் வந்தவைதான் அதிகம்.

பிட் ஆழம் எங்குமே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. டிஸ்ப்ளேஸ்மென்ட் மேப்பில் அது உயிர்நாடி. அந்த மேப்பின் எண் பரப்பை உண்மையாகவே நகர்த்துகிறது. மொத்த அசைவு 10 சென்டிமீட்டர் என்றால், 8 பிட்டின் ஒவ்வொரு படிநிலையும் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். பக்கவாட்டு ஒளி விழும் பாறையிலோ கன்னத்திலோ அது படிக்கட்டாகத் தெரியும். எவ்வளவு சாம்பிள் ஏற்றினாலும் போகாது. 16 பிட் முழு எண்ணில் 65,536 படிநிலைகள். ஒரு படி 0.0015 மில்லிமீட்டர். போதும், போதும் என்னும் அளவுக்குப் போதும்.

இஎக்ஸ்ஆர் பக்தர்கள் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. இஎக்ஸ்ஆரில் பரவலாகப் பயன்படும் 16 பிட் "ஹாஃப்" ஃப்ளோட்டும் 16 பிட் முழு எண்ணும் ஒன்றல்ல. ஹாஃப் தன் பிட்டுகளில் ஒன்றைக் கூட்டல்-கழித்தல் குறிக்கும், ஐந்தை அடுக்குக்கும் கொடுத்துவிடுகிறது. பின்னத்துக்கு மிஞ்சுவது பத்து. அதனால் 0.5-க்கும் 1-க்கும் இடையில் அதற்கு 1,024 படிநிலைகள்தான் உண்டு. அதே இடைவெளியில் 16 பிட் பிஎன்ஜிக்கும் டிஃப்புக்கும் 32,768. டிஸ்ப்ளேஸ்மென்ட்டை ஹாஃப் இஎக்ஸ்ஆரில் வைத்தவர், அந்த மேல்பாதியில் சாதாரண 16 பிட் பிஎன்ஜியைவிட 32 மடங்கு கரடுமுரடான படிகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார், பெயர் பெரிதாக இருக்கிறது என்பதற்காக. சிற்ப மென்பொருளிலிருந்து உயரம் பூஜ்யத்துக்குக் கீழும் மேலுமாக, நிஜ அளவிலேயே வெளியே வருகிறது என்றால் 32 பிட் இஎக்ஸ்ஆர் சரியான தேர்வு. அங்கே அந்தப் பிட்டுகளுக்குள் உண்மையான எண் இருக்கிறது.

ஒளிக்காகப் பயன்படுத்தும் வானப் படங்களும் அப்படித்தான். சூரியன் சுற்றியுள்ள வானத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பிரகாசம். பிஎன்ஜியில் வைத்தால் வெள்ளைக்கு மேல் உள்ளதெல்லாம் வெட்டுப்பட்டு, நிழல் செத்துப்போகும். இஎக்ஸ்ஆரை இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் உருவாக்கி 2003-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டதே இப்படிப்பட்ட எண்களுக்காகத்தான். அதிலும் ஹாஃபின் உச்சவரம்பு 65,504. வெட்டுப்படாத சூரியன் அதையும் தாண்டக்கூடும் என்பதால் அங்கே 32 பிட் கேட்பது நியாயம்.

சாதாரண நிற மேப்புக்கு இந்த நியாயம் எதுவும் பொருந்தாது. பரப்பின் நிறம் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் அடங்கியது. புகைப்படத்திலிருந்து வந்த செங்கல், மரம், மண் ஆகியவற்றில் இயற்கையாகவே மணல்போன்ற சிறு சலனம் இருப்பதால் 8 பிட் எஸ்ஆர்ஜிபியில் படிநிலைக் கோடுகள் தெரிவதில்லை. கையால் வரைந்த மென்மையான வானச் சரிவுக்கோ பொம்மையின் வழுவழுப்பான பிளாஸ்டிக்குக்கோ 16 பிட் வைத்துக்கொள்ளலாம். உயர்தரத்தில் சேமித்த ஜேபெக்கே தூரத்துச் சுவரின் நிறத்துக்குப் போதும். அதே ஜேபெக்கை பம்ப் மேப்பாக இணைத்தால் கதை வேறு: பம்ப் பார்ப்பது அடுத்தடுத்த பிக்சல்களுக்கு இடையிலான சரிவை, ஆகவே நிறத்தில் கண்ணுக்குப் படாத அந்த 8-க்கு 8 கட்டங்கள் ஒளியில் ஓடு பதித்த தரைபோல் எழுந்து நிற்கும். ஒரே ஃபார்மட், ஒரே படம். ஒரு வேலைக்கு நல்லது, இன்னொன்றுக்குக் கேடு.

பெயரைப் பார்த்துத் தரம் சொல்ல முடியாது என்பதற்கு ஃபார்மட்டுகளே சாட்சி. இஎக்ஸ்ஆர் என்றால் இழப்பில்லாதது என்று நினைக்கிறார்கள். ட்ரீம்வொர்க்ஸ் அதற்கு வழங்கிய டிடபிள்யூஏஏ சுருக்கம் இழப்புள்ளது. டிஃப் உறைக்குள் ஜேபெக் சுருக்கமே இருக்கலாம். இழப்பில்லாத பிஎன்ஜி, ஏற்கெனவே இழந்துவிட்ட ஜேபெக்கை அந்த இழப்போடு அப்படியே காப்பாற்றும்.

இனி ரெண்டரின் சுமைக்கு உண்மையான மருந்து. அது 1983-லேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அந்த ஆண்டு லான்ஸ் வில்லியம்ஸ் மிப்மேப் முறையை வெளியிட்டார்: படத்தை முழு அளவிலும், பாதியிலும், அதில் பாதியிலும் என்று ஒரு பிக்சல் வரைக்கும் முன்கூட்டியே சுருக்கி அடுக்கி வைப்பது. மொத்தக் கூடுதல் இடம் மூன்றில் ஒரு பங்குதான். கேமராவிலிருந்து தூரத்தில் நிற்கும் கதாபாத்திரம் திரையில் 200 பிக்சல் உயரம் என்றால், ரெண்டரர் 4096 படத்தைத் தொடவே வேண்டாம். சிறிய அடுக்கு ஒன்றை வாசித்தால் போதும். அசையும் ஷாட்டில் தூரத்துப் பரப்புகள் மினுமினுக்காமல் இருப்பதும் இதனால்தான். பிறகு பிக்சாரின் டார்வின் பீச்சி 1990-இல் இன்னொரு படி போனார்: படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, தேவைப்படும் கட்டத்தை மட்டும் தேவைப்படும்போது டிஸ்கிலிருந்து எடுத்து, வேலை முடிந்ததை வெளியே தள்ளுவது. இன்றைய ரெண்டர்மேனின் டெக்ஸ் ஃபைலும், ஆர்னால்டின் டிஎக்ஸ் ஃபைலும் இந்த இரண்டு யோசனைகளின் பிள்ளைகள். டிஎக்ஸ் என்பது புதிய ஃபார்மட்கூட இல்லை; உள்ளே கட்டம் கட்டமாகப் பிரித்த, அடுக்குகள் கொண்ட டிஃப் அல்லது இஎக்ஸ்ஆர்தான் இருக்கிறது. ஓப்பன்இமேஜ்ஐஓ-வின் மேக்டிஎக்ஸ் கருவி அதை இலவசமாகச் செய்து தருகிறது.

பிஎன்ஜியோ ஜேபெக்கோ இதற்கு உதவாது. அவற்றில் அடுக்குகள் இல்லை. பிஎன்ஜி முழுப் படத்தையும் மேலிருந்து கீழாக ஒரே நீளமான ஓட்டமாகச் சுருக்கி வைக்கிறது. கீழ் மூலையில் ஒரு கட்டம் வேண்டுமென்றால் மேலிருந்து அவிழ்த்துக்கொண்டே வர வேண்டும். அந்த பிஎன்ஜியை டிஎக்ஸ் ஆக்கினால் ஃபைல் பெரும்பாலும் பெரிதாகும். ரெண்டர் லேசாகும். எடையை வைத்துக் கணக்குப் போடுபவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை: டிஸ்கில் கனத்த ஃபைல் ராமில் இலேசாக இருக்கிறது. முன்னே சொன்ன 100 படங்களும் டிஎக்ஸ் ஆகிவிட்டால், சில ஜிபி கேஷுக்குள்ளேயே அந்தக் கதாபாத்திரம் அடங்கும்.

சைக்கிள்ஸ் நெடுங்காலம் படங்களை முழுசாக ராமில் ஏற்றியே ரெண்டர் செய்தது. அப்படிப்பட்ட ரெண்டரரில் வேலை செய்பவர்கள் தூரத்துப் பொருள்களுக்குப் படத்தின் பிக்சல் அளவையே குறைக்க வேண்டும், சானலைக் குறைக்க வேண்டும், 32 பிட்டைத் தேவையான இடத்தில் மட்டும் வைக்க வேண்டும். ஜேபெக் ஆக்குவதால் அங்கேயும் பயன் இல்லை. டிஎக்ஸ் வசதி உள்ள இடங்களில் வேறொரு அலட்சியத்தைப் பார்க்கிறேன்: மாற்றும் வேலையை ரெண்டர் நேரத்துக்கு விட்டுவிடுகிறார்கள். ரெண்டர் பண்ணையில் உள்ள மெஷின்கள் ஒவ்வொன்றும் ஒரே படத்தை மாற்ற முயன்று நேரத்தைத் தின்னும். டெக்ஸ்ச்சர் வெளியிடப்படும்போதே ஒருமுறை மாற்றிவிட வேண்டும், அதோடு முடிந்தது.

"எதிர்காலத்துக்கு இருக்கட்டுமே, 32 பிட்டில் வைத்தால் என்ன நஷ்டம்?" என்ற வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். எதிர்காலத்துக்குப் பத்திரப்படுத்த வேண்டியது வரைந்த மென்பொருளின் மூல ஃபைல். மாரியோ, சப்ஸ்டன்ஸ் பெயின்டரோ, ஃபோட்டோஷாப்போ, அதில்தான் லேயர்கள் இருக்கின்றன, அதிலிருந்து என்று வேண்டுமானாலும் எந்த ஆழத்திலும் மறுபடி எடுக்கலாம். தட்டையாக்கி வெளியே எடுத்த 32 பிட் படத்தில் அந்த லேயர்கள் இல்லை. பல இடங்களில் நடப்பதோ தலைகீழ்: சர்வர் முழுக்க 32 பிட் படங்கள், இடம் போதவில்லை என்று மூல ஃபைலை அழிக்கிறார்கள்.

கற்றுக்கொடுப்பவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. "எல்லாம் இஎக்ஸ்ஆர், எல்லாம் 32 பிட்" என்ற ஒற்றை வரியைப் பாடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் ஒரே ரஃப்னஸ் மேப்பை இரண்டு கலர் ஸ்பேஸில் இணைத்து மாணவர்கள் முன் ரெண்டர் செய்து காட்டுங்கள். ஒரே டிஸ்ப்ளேஸ்மென்ட்டை 8 பிட்டிலும் 16 பிட்டிலும் பக்கவாட்டு ஒளியில் காட்டுங்கள். ஒரு பிஎன்ஜியை அவர்கள் கையாலேயே டிஎக்ஸ் ஆக்கச் சொல்லி, ரெண்டர் லாகில் நினைவகக் கணக்கைப் படிக்கவையுங்கள். சூப்பர்வைசர்களே, உங்கள் படத்துக்கான டெக்ஸ்ச்சர் விதிகளை மேப் வாரியாக எழுதிக் கொடுங்கள்: எத்தனை சானல், எத்தனை பிட், எந்தக் கலர் ஸ்பேஸ். ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. 25 ஜிபி டெக்ஸ்ச்சரோடு ஒருவர் புதுக் கார்டு கேட்டு வந்தால், கார்டுக்குக் கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு பக்கத்தை அவரிடம் கொடுங்கள்.